இரண்டு கப்பல், பன்னிரண்டு சதுர அடி

2022 ஜூலையில் நாங்கள் நாலு பேர் கப்பலில் போனோம். இரண்டு ராத்திரி. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் சுத்திட்டு, அதே சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். நடுவில் எந்த ஊரும் கிடையாது. ஆபீஸில் லீவு கேட்டபோது "எங்க போறீங்க?" என்று மேனேஜர் கேட்டார். "எங்கயும் போகல சார், கப்பல்ல போறோம்" என்றேன். சிரித்தார். ஆனால் அது சரியான பதில்தான்.

நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், என் அம்மா. அம்மாவுக்கு அப்போது 71 வயசு. ஒரகடம் தாண்டி வெளியே போகணும்னாலே "முழங்கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்கிறவர். இதற்கு மட்டும் "கப்பல்தானே, வர்றேன்" என்று உடனே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இது இரண்டாவது கப்பல் பயணம். முதலாவது 1958-ல், ஏழு வயசில், பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு, ரஜூலாவில். இது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசினதே கிடையாது.

கப்பல் சுற்றுலா போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் பஃபேயில் என்ன இருந்தது, நீச்சல் குளம் எவ்வளவு பெரிசு, எந்தக் கப்பலில் அறை வசதி என்று ஒப்பிடுவார்கள். தப்பில்லை. நானும் போவதற்கு முன்னால் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் என்னிடம் ஒப்பிட இருந்த இன்னொரு கப்பல் ரஜூலாதான். அதனால் இந்தப் பதிவு 1990-ல் கட்டின ஒரு கப்பலையும் 1926-ல் கட்டின ஒரு கப்பலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

முதலில் நாங்கள் போன கப்பல். எம்பிரஸ், கோர்டீலியா கம்பெனியுடையது. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பி வைத்தாரே, அதே கப்பல். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய் வரும் பயணமும் இருந்தது, எங்களை மாதிரி சும்மா கடலுக்குப் போய்த் திரும்பும் பயணமும் இருந்தது. (புதுச்சேரியில் சூதாட்டக் கூடம் இருக்கிற கப்பல் வேண்டாம் என்று எதிர்ப்பு வந்து, அந்த மாதம் அங்கே கரைக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. அது தனிக்கதை.) இந்தக் கப்பல் பிரான்சில் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1990-ல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் மியாமியில் ஓட ஆரம்பித்தது. மூன்று நாலு இரவுப் பயணங்களுக்கென்றே வடிவமைத்த முதல் கப்பல்களில் ஒன்று. பிறகு பேர் மாறி, கை மாறி, 2020 கடைசியில் இந்தியக் கம்பெனியிடம் வந்தது. நீளம் 211 மீட்டர், 48,563 டன், 11 தளம், சுமார் 1,800 பயணிகள்.

ஒரு கப்பலில் சும்மா சுத்திட்டு வருவதற்குக் காசு கொடுப்பார்கள் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? 1891 ஜனவரியில் ஆல்பர்ட் பாலின் என்பவர் ஹாம்பர்க் கம்பெனியின் அகஸ்டா விக்டோரியா கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். காரணம் ரொம்ப சாதாரணம். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்க ஆள் வராது, கப்பல் சும்மா நிற்கும். எந்த மெஷினும் ஐடிலாக நிற்கக் கூடாது என்பது எங்கள் ஏரியா புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தன. ஊருக்கு ஊர் போவதற்குக் கப்பல் தேவையில்லை என்று ஆனது. கப்பலே ஊர் என்று ஆக்கிவிட்டார்கள்.

அம்மா ரஜூலாவில் வந்ததும் அதே 1958. நம் கடலில் மட்டும் ஊருக்குப் போகிற கப்பல் இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்குத் தேவைப்பட்டது.

ரஜூலாவைக் கட்டியது கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கம்பெனி. உடைமை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். ஆமாம், தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களோடு மோதி, டிக்கெட் விலையை அடிமட்டத்துக்கு இறக்கிய அதே கம்பெனி. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்பது வழித்தடம். போக ஏழெட்டு நாள். அளவு சுமார் 8,500 டன். மேல் வகுப்பில் அறை எடுத்துப் போனவர்கள் நூறு, நூற்றைம்பது பேர்தான். மற்றவர்கள் டெக் பயணிகள். நல்ல பருவத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது.

இந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். ஐநூறாக இருக்கும், ஒரு சைபர் கூடிடுச்சுன்னு. இல்லை. அதனுடைய ஜோடிக் கப்பலான ரோனாவுக்கும் ஐயாயிரம் சொச்சம்தான்.

சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிக்கல்: இரண்டு கப்பலின் "டன்"னும் ஒன்றல்ல. பழைய பதிவு டன் என்பது எடை இல்லை, கன அளவு. ஒரு டன் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். புதுக் கப்பல்களுக்கு 1969 ஒப்பந்தப்படி வேறு சூத்திரம், அது 1982-ல் அமலுக்கு வந்தது. கன அளவை லாகரிதம் கலந்த ஒரு எண்ணால் பெருக்கி வரும் விடை. இதைக் கவனிக்காமல் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் நிறைய. சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டால் எம்பிரஸின் உள் கன அளவு கிட்டத்தட்ட 1,60,000 கன மீட்டர் வருகிறது. ரஜூலாவுக்கு 24,000. பயணிகளால் வகுத்தால் எம்பிரஸில் தலைக்கு 87 கன மீட்டர். ரஜூலாவில், ஐயாயிரம் பேர் ஏறின நாளில், தலைக்கு 4.8.

4.8 கன மீட்டர்னா எவ்வளவு? எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் பத்துக்குப் பத்து இருக்கும். உயரமும் பத்தடி என்று வையுங்கள். அதில் ஆறு பேர் இருந்தால் தலைக்கு 4.7 கன மீட்டர். எங்கள் தெருவில் அப்படி இரண்டு அறை இருக்கிறது. ஆறு பேர்தான். ஆனால் மூணு பேர் வேலைக்குப் போனால் மூணு பேர் தூங்குவார்கள், வாரம் ஒரு நாள் வெளியே போவார்கள். கப்பலில் அது நடக்காது. அதுவும் இந்த 4.8-க்குள் இன்ஜின் அறை, கேப்டன் அறை, மேல் வகுப்புச் சாப்பாட்டுக்கூடம் எல்லாம் அடக்கம். படுக்க உண்மையில் கிடைத்த இடம் இதைவிட ரொம்பக் குறைச்சல்.

இந்த இடத்தில் நியாயமாக இரண்டு விஷயம் சொல்லணும். ஐயாயிரம் என்பது உச்ச வரம்பு. ஒவ்வொரு தடவையும் அத்தனை பேர் ஏறினார்கள் என்று அர்த்தமில்லை. போருக்குப் பிறகு அந்த வரம்பையும் குறைத்தார்கள். அம்மா வந்தபோது இவ்வளவு நெரிசல் இருந்திருக்காது. இரண்டாவது, இது சட்டவிரோதமாக நடந்தது இல்லை. எல்லாமே விதிப்படிதான். மொரிஷியஸ், நேட்டால், ஃபிஜி என்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்களுக்கு ஒரு ஆளுக்கு 12 சதுர அடி, 72 கன அடி என்று கணக்கு இருந்தது. ஆறடிக்கு இரண்டடி. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள். ஆசியக் கடல்களில் ஓடிய டெக் பயணிக் கப்பல்களுக்கு 1931-ல் சிம்லா விதிகள் என்று தனியாக வந்தது. சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் ஐரோப்பியப் பயணிகளை மனசில் வைத்து எழுதினது; நம்ம கப்பல்களை அதற்குள் அடக்க முடியாது என்பதால் தளர்த்தி எழுதின விதிகள். 1971-ல் இன்னொரு ஒப்பந்தம், 1973-ல் இட அளவு பற்றி இன்னொன்று. கப்பல் சட்டத்தில் நமக்கென்று ஒரு தனி மனித அளவு அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்திருக்கிறது.

யார் இந்த ஐயாயிரம் பேர்? மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். 1907-க்குப் பிறகு தோட்ட முதலாளிகள் கட்டின வரியிலிருந்து ஒரு நிதி அமைத்து அதிலிருந்து டிக்கெட் போட்டார்கள். புறப்படும் முன் தங்க வைக்கும் முகாம் இரண்டு இடத்தில்: நாகப்பட்டினம், ஆவடி. ஆவடி! வேலை விஷயமாக மாதம் இரண்டு தடவை நான் கடந்து போகிற ஊர். போய் இறங்கினதும் பினாங்கில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு என்று குவாரன்டைன். 1938 ஜூனில் இந்திய அரசு தோட்டங்களுக்கு இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் சொந்தச் செலவில் போகிறவர்கள், வருகிறவர்கள், கல்யாணம் கருமாதி என்று கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ரோனா பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். போரில் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-ஆம் தேதி அல்ஜீரியா கடற்கரைக்கு அப்பால் ஜெர்மானியர்கள் ரேடியோவால் வழிநடத்தப்பட்ட குண்டு ஒன்றை அதன் மேல் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். கப்பல் சிப்பந்திகளில் பெரும்பாலும் இந்தியர்கள். அவர்களிலும் நூற்றுக்கு மேல். அமெரிக்கா பல பத்தாண்டுகள் இதை வெளியே விடவில்லை. நாகப்பட்டினத்துக்கு வந்துபோன ஒரு கப்பல் இப்படி உலகச் சரித்திரத்தில் போய் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ரஜூலா மட்டும் தப்பித்து 47 வருஷம் ஓடியது. 1973-ல் நம்ம அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கட் என்று பேர் வைத்தது. அடுத்த வருஷமே உடைத்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். இதுவும் பிரான்சில் கட்டினதுதான், டன்கிர்க்கில், 1966-ல், தென் அமெரிக்கா போவதற்கு. அப்போது பேர் பாஸ்தர். 1984 பிப்ரவரியில் வங்கக் கடலில் சிதம்பரத்தில் தீப்பிடித்துப் பல பயணிகள் இறந்தார்கள். அதோடு அந்த வழித்தடமே முடிந்துபோனது.

இனி எங்கள் பயணம். அறைக்குள் போனதும் நான் வழக்கம்போல அளந்தேன். மனைவிக்கு இது புதுசு இல்லை. 120 சதுர அடிக்குள் அடங்கும், ஜன்னல் இல்லாத உள் அறை. அம்மாவும் மகளும் அடுத்த அறையில். அங்கே போய், "ரூம் சின்னதா இருக்காம்மா?" என்று கேட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சுத்தியும் பார்த்துவிட்டு, "இதுல நாங்க எட்டு பத்து பேரு படுத்திருப்போம்டா" என்றார். 120-ஐ 12-ஆல் வகுத்தால் பத்து. நான் இந்தக் கணக்கை அதற்கு முன் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

"எப்படி அப்பாயி படுப்பீங்க?" என்று மகள் பிடித்துக்கொண்டாள். நான் இருபது வருஷமாகக் கேட்காததை அவள் இரண்டு நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். பாய் விரித்துத்தான். ஏறினதும் ஓடிப்போய் இடம் பிடிக்கணும். படிக்குப் பக்கத்தில் கிடைத்தால் காற்று வரும், ஆனால் ஆள் மிதிச்சுட்டுப் போவாங்க. சோறும் குழம்பும் கொடுப்பாங்க. இரண்டாம் நாள் எல்லாரும் வாந்தி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஏணியில் இறங்கிப் படகில் குதிக்கணும். அலையில் படகு மேலே வரும்போது கீழே இருக்கிறவர் "இப்ப" என்பார், அப்போது காலை வைக்கணும். தம்பியை யாரோ ஒருத்தர் தூக்கிப் பிடித்து வாங்கினாராம். அம்மாச்சிக்கு அப்போது இருபத்தேழு வயசு. மூணு பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி, தனியாக.

தாத்தா வரவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். "நீங்க முன்னால போங்க, அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று பினாங்கில் ஏற்றிவிட்டார். 1964-ல் ஒரே ஒரு தடவை வந்தார், மூணு மாசம் இருந்துவிட்டுத் திரும்பினார். 1971-ல் அங்கேயே இறந்தார். தந்திதான் வந்தது. "அடுத்த கப்பல்" என்பது எங்கள் வீட்டில் சின்ன வயசில் நான் கேட்டிருக்கிற சொல்தான். திரும்பி வராத கடன், நடக்காத கல்யாணம் எதுவாக இருந்தாலும் பெரியம்மா "அடுத்த கப்பல்ல வரும்" என்பார். அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சாயங்காலம் புறப்படும் நேரத்தில் எல்லாரும் மேல் தளத்தில் நின்றோம். துறைமுகத்தின் இன்னொரு பக்கம் வரிசை வரிசையாகப் புதுக் கார்கள். இருங்காட்டுக்கோட்டையில் செய்து வருகிறவை. ஒரகடத்துக் கார்கள் பெரும்பாலும் எண்ணூருக்குப் போகும். அவற்றை ஏற்றும் கப்பல் ஒன்று, ஜன்னலே இல்லாத பெரிய அட்டைப்பெட்டி மாதிரி, நின்றிருந்தது. இந்த மாதிரிக் கப்பல்களும் 200 மீட்டர் நீளம் இருக்கும், கிட்டத்தட்ட நாங்கள் நின்ற கப்பல் அளவு. பெரிசாக இருந்தால் ஆறாயிரம் கார் ஏற்றும், சிப்பந்திகள் இருபத்தைந்து பேர் போல. ஒரு கப்பல் எத்தனை கார் ஏற்றும் என்று சொல்வதற்கு 1966 டொயோட்டா கொரோனாவை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: 4.125 மீட்டர் நீளம், 1.55 மீட்டர் அகலம். சதுர அடியில் 69. ஒரு காருக்கு விடுகிற இடத்தில் பழைய கணக்குப்படி ஐந்தே முக்கால் ஆள். காருக்கு நாலு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டுவார்கள், கீறல் விழக் கூடாது.

இதை மனைவியிடம் சொன்னேன். "லீவுல வந்தும் ஃபாக்டரி கணக்கா?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்தக் காரைச் செய்கிறவர்கள் தங்கும் இடம் பற்றியும் இப்போது கணக்குப் போடத்தான் செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த தொழிலாளர் விடுதியில் 18,720 படுக்கை. கிட்டத்தட்ட நாலு ரஜூலா. அங்கே இருக்கிற பெண்கள் செய்வது கார் இல்லை, போன். தலைக்கு எத்தனை சதுர அடி என்று யாராவது உட்கார்ந்து முடிவு பண்ணியிருப்பார்கள். அந்த எண் எப்படி வந்தது என்பது ரஜூலாவின் எண்ணைப் போலவே எனக்கு ஆர்வமான விஷயம்.

இரண்டாம் ராத்திரி மனைவியும் மகளும் ஏதோ ஷோ பார்க்கப் போனார்கள். அம்மா மேலே போகலாம் என்றார். காற்று நன்றாக அடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பினாங்கு எந்தப் பக்கம்டா?" என்றார். போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னேன். கிழக்கிலிருந்து தெற்காக இருபது டிகிரி. நாங்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் போல. கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு தவிர ஒன்றும் இல்லை. அம்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா கையைக் காட்டிட்டு நின்னாரு. நான் கூட்டத்துல சரியா பாக்கல. அம்மா 'பாரு பாரு'ங்கிறா, நான் தம்பி அழுவுறதப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். 64 வருஷம் கழித்து இதைச் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "குளிருதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார்.

அதற்கப்புறம் கீழே போய் தோசை சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்து ஒரு மாசம் கழித்து, நாகப்பட்டினம் பக்கத்தில் மாமா வீட்டுக்குப் போனபோது பரணில் இருந்து அந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பாஸ்போர்ட்டோ கப்பல் சீட்டோ கிடைக்குமா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை, பழைய வெண்கலப் பாத்திரம் மட்டும். பெட்டியின் அடிப்பக்கம் வெள்ளைப் பெயின்டில் தாத்தா பெயரின் முதலெழுத்தும் ஒரு எண்ணும். சரி, வந்ததற்கு அளந்து வைப்போம் என்று அளந்தேன். 36 அங்குலம், 20 அங்குலம். சரியாக 5 சதுர அடி. பழைய விதிப்படி அம்மாச்சிக்கும் மூணு பிள்ளைகளுக்கும் சேர்த்து 30 சதுர அடி. அதில் பெட்டி ஐந்தை எடுத்துக்கொண்டால் மீதி 25-ல் நாலு பேர் படுக்கணும். இடிக்கிறதே என்று போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"பெட்டிக்கு எதுக்குடா தனியா இடம்? நான் அது மேலதான படுத்துக்கிட்டு வந்தேன்" என்றார்.